யாரும் கவனிக்காத எட்டும் ஒன்பதும்

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, 2025-26இல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தது. நான்காம் வகுப்பு முழுவதையும் அது பள்ளி வாசலை மிதிக்காமலே முடித்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதற்குள் ஐந்தாம் வகுப்பிலும் பாதி ஓடிவிட்டது. நீள் வகுத்தல், பின்னம், ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாய்விட்டு வாசிப்பது, சொந்தமாக நாலு வரி எழுதுவது எல்லாம் ஒரு குழந்தைக்குக் கைவருகிற காலமே நான்கும் ஐந்தும்தான். அந்தக் காலம்தான் இவர்களுக்கு இல்லாமல் போனது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ தெருத்தெருவாக மாலை வகுப்புகளைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. ஆனால் அது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளுக்கானது. நாம் பேசுகிற பிள்ளை அப்போது ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டிருந்தது. திட்டம் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு நீண்டபோது இவர்கள் ஏழில் இருந்தார்கள். பள்ளிக்குள் வந்த உதவி இரண்டு முறையும் இவர்கள் தாண்டிவந்த வகுப்புக்குத்தான் வந்து சேர்ந்தது.

இந்தத் தலைமுறையின் கணக்கு மட்டும் இப்படித் தனித்துத் தெரிகிறது. ஆனால் எட்டு, ஒன்பதாம் வகுப்புகள் எப்போதுமே இப்படித்தான் கண்ணில் படாமல் போகின்றன. நம் வீடுகளின் பதற்றத்துக்கு ஒரு நாள்காட்டி உண்டு. எல்.கே.ஜி. சீட்டுக்கு ஒரு பதற்றம். அப்புறம் நீண்ட ஓய்வு. பத்தாம் வகுப்பில் கேபிள் இணைப்பைத் துண்டிக்கிறோம், பன்னிரண்டில் அம்மாக்கள் வேலைக்கு விடுப்புப் போடுகிறார்கள். இடையில் பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்க வீட்டிலும் ஆளில்லை, பள்ளியிலும் ஆளில்லை. பொதுத்தேர்வு இல்லாத வகுப்பு என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பத்தாம் வகுப்பில் திடீரென்று வெடிப்பதாக நாம் நினைக்கிற எல்லாச் சிக்கலும் இந்த இரண்டு ஆண்டுகளில்தான் சத்தமில்லாமல் வளர்கிறது. கை கொடுத்துத் தூக்கிவிடுவதற்கு மிகச் சுலபமான காலமும் இதுதான் என்பதால் இந்தக் கட்டுரை.

‘அசர்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கல்வி ஆய்வறிக்கையின் 2023 பதிப்பு, 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புறப் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டது. நாடு முழுக்க 28 மாவட்டங்கள், தமிழ்நாட்டிலிருந்து பெரம்பலூர். நான்கில் ஒருவரால் தன் தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடியவில்லை. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கைச் சரியாகச் செய்தவர்கள் 43 சதவீதம்தான். மற்றவர்கள் பள்ளிக்குப் போகாதவர்களா என்றால் அதுவும் இல்லை. இந்த வயதினரில் ஏறத்தாழ 87 சதவீதம் பேர் ஏதோ ஒரு கல்வி நிறுவனத்தில் பெயர் எழுதியிருப்பவர்கள்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தால் இது புரியும். அப்படி நிறைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். மார்ஜின் நேராக இருக்கும், தலைப்பு நீலத்தில், விடைக்கு அடியில் சிவப்பில் இரட்டைக் கோடு. அடித்தல் திருத்தல் இருக்காது. அதுதான் கவலை தரவேண்டிய விஷயம். கணக்குப் போட்டுப் பார்க்கிற பிள்ளையின் நோட்டில் எங்காவது ஓரத்தில் ஒரு பெருக்கல் கிறுக்கி அழிந்திருக்கும், ஒரு வரி தப்பாகி மறுபடி எழுதப்பட்டிருக்கும். கரும்பலகையைப் பார்த்து நகல் எடுக்கிற நோட்டில்தான் தப்பே இருக்காது. காரணிப்படுத்தலை அவ்வளவு அழகாக எழுதியிருக்கும் அதே பிள்ளையிடம் 84ஐ 6ஆல் வகுக்கச் சொன்னால் மேஜைக்கு அடியில் விரல்கள் நகரத் தொடங்கும். இப்படிப்பட்ட நோட்டுக்கு ‘நன்று’ என்று ஒரு கையெழுத்தும் விழுந்திருக்கும். நாற்பது நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியரையும் குறை சொல்ல மனம் வரவில்லை.

பதினான்கில் கை விடும் சட்டங்கள்

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியது. 2009இல் இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 வயது முடியாதவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்கிறது. 14 முடிந்தவர்களுக்கு ஆபத்தான தொழில்களில் மட்டும் தடை. மத்திய அரசின் மதிய உணவுத் திட்டமும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பதினான்காவது பிறந்தநாளில் நாடு ஒரு பிள்ளையின் கையை விட்டுவிட்டு, வேலைக்கான கதவைத் திறந்துவைப்பது தெரிகிறது.

தமிழ்நாடு இதில் கொஞ்சம் மாறுபட்ட மாநிலம் என்பதைப் பெருமையாகவே சொல்லலாம். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 1984இல் பதினைந்து வயது வரையிலான மாணவர்களுக்கும் விரிந்தது. இன்றைக்கும் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பையன் தட்டை ஏந்தி வரிசையில் நிற்கிறான் என்றால், வேறு பல மாநிலங்களில் அவனுக்கு அது கிடையாது.

அப்படியும் எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. கிராமத்தில் இருப்பது நடுநிலைப் பள்ளி. அது எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதுக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போகவேண்டும். அரசின் கணக்குப்படி அது ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும். காலையில் ஒரு பேருந்து, சாயந்தரம் ஒரு பேருந்து. பாஸ் இலவசம்தான். ஆனால் சாயந்தரப் பேருந்தைத் தவறவிட்ட பெண் பிள்ளை இருட்டிய பிறகு வீடு வந்து சேர்ந்தால், அந்த வாரத்துக்குள் வீட்டில் ஒரு பேச்சு எழும். எட்டாண்டுகள் தெரிந்த முகங்களோடு படித்த பிள்ளை, தன் பெயரே தெரியாத அறுபது பேர் நடுவில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்கிறது.

நமது விலையில்லா சைக்கிளைப் பற்றி இந்த இடத்தில் பேசத்தான் வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு அது பதினோராம் வகுப்பில் கிடைக்கிறது. பீகார் 2006இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம். பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதன் விளைவை அளந்து 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உயர்நிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளின் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்தது. ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி தூரத்தில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். பீகாரின் நிலைமை வேறு, நமது நிலைமை வேறு. நம் சேர்க்கை விகிதம் எவ்வளவோ மேல். ஆனாலும் எந்த வகுப்பில் கொடுக்கிறோம் என்பதில் அவர்கள் யோசித்தது சரி. பள்ளி மாறுவது ஒன்பதில். நின்றுபோவது ஒன்பதில், பத்தில். அதையெல்லாம் தாண்டி மேல்நிலைக்கு வந்து சேர்ந்தவருக்குத்தான் நாம் சைக்கிள் சாவியை நீட்டுகிறோம். இரண்டே வகுப்பு முன்னால் தள்ளினால் போதும்.

வேலை இந்த வயதைத் தேடி வருகிறது என்பதும் உண்மை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தையல்காரருக்குத் துணைநிற்கும் ‘கைமடி’ வேலை, டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் எடுபிடி, கல்யாண மண்டபத்தில் பரிமாறும் வேலை. மண்டப வேலைக்கு ஒரு ராத்திரிக்குச் சில நூறு ரூபாய் கையில் கிடைக்கும். முகூர்த்த மாதங்களில் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும், ஞாயிறு முகூர்த்தத்துக்கு மறுநாள் திங்கள்கிழமை யாரெல்லாம் வரவில்லை என்று. வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு, மண்டபத்தில் யாரோ ‘தம்பி, சுறுசுறுப்பா இருக்கியே’ என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் யோசித்துப் பார்க்கவேண்டும். காசுக்காக மட்டும் அவன் போவதில்லை.

உடம்பு படுத்தும் பாடு

எட்டாம் வகுப்பில் வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் ‘தொண்டை சரியில்ல மிஸ்’ என்று எழுந்து நிற்கும் பையனுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். குரல் உடைகிறது, ஒரு வாக்கியத்துக்குள்ளேயே கீச்சென்று ஏறி, கரகரவென்று இறங்குகிறது, பின்னால் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அல்லது வாசிக்கவே வரவில்லை. பல நேரம் இரண்டும். முன்னதைச் சாக்காக வைத்துப் பின்னதை அவனால் ஒரு வருடம் மறைத்துவிட முடியும். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ஆளில்லாத இடத்தில் அரைப் பக்கம் வாசிக்கவைத்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அத்தனை பேர் முன்னால் ‘வாயைத் திறந்து படிடா’ என்று அதட்டினால் அவன் குறும்புக்காரன் என்ற பெயரை எடுத்துக்கொள்வான். வாசிக்கத் தெரியாதவன் என்ற பெயரைவிட அது அவனுக்கு மேல்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காலம் இன்னும் பொதுவெளியில் நடக்கிறது. மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மண்டபம், பந்தல், தெருமுனையில் பிள்ளையின் படத்தோடு பிளெக்ஸ். உறவினர்களுக்கு அது மகிழ்ச்சி. அவர்கள் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த பிளெக்ஸைக் கடந்துதான் அவள் வகுப்புப் பையன்கள் பள்ளிக்குப் போகிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையின் கூச்சம் யார் கணக்கிலும் வருவதில்லை. விட்டுப்போன பாடத்தை யாரும் எடுத்துத் தருவதுமில்லை. அவ்வளவு செலவு செய்கிற குடும்பங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், இந்தப் படம் வேண்டுமா என்று. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மாதவிடாய் நாட்களில் விடுப்பு எடுப்பதற்கு வலி மட்டும் காரணமில்லை. பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கினைப் போட இடம் இருக்கிறதா என்பதும்தான். ‘புதுயுகம்’ திட்டத்தில் பள்ளியிலேயே நாப்கின் தருகிறார்கள். அதைத் தலைமை ஆசிரியர் அறை பீரோவில் பூட்டிவைத்து, கேட்டால்தான் கிடைக்கும் என்று வைத்தால் எந்தப் பிள்ளை போய்க் கேட்கும்? வகுப்புக்கு ஒரு பெட்டி வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

வாரம் ஒரு நாள் பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில், 15 முதல் 19 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரண்டாவது பீரியடிலேயே தலையைச் சாய்த்துவிடும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன்னால் அவள் கண்ணின் கீழிமையைப் பார்ப்பது நல்லது. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ஒரு முறை குமட்டியதும் அடுத்த வாரம் அது ஜன்னல் வழியாக வெளியே போய்விடும். சாப்பாட்டுக்குப் பிறகு என்ற ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

தூக்கத்தைப் பற்றியும் நம் வீடுகளில் தவறாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு ராத்திரியில் தாமதமாகத் தொடங்குகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்குச் சுருண்டு படுத்த பிள்ளைக்குப் பதினான்கில் பதினொன்று ஆனாலும் தூக்கம் வராது. அது உடம்பின் கடிகாரம் நகர்வதால். 13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்று தூக்கவியல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாமோ விடியற்காலை ஐந்தரை மணி டியூஷனுக்கு அனுப்புகிறோம். பிள்ளை அங்கே போய் விழித்த கண்ணோடு தூங்கிவிட்டுப் பள்ளிக்கு வருகிறது. அந்த ஒரு மணி நேரத்தை மாலைக்கு மாற்றினால் டியூஷன் காசாவது வீணாகாது. படுக்கைக்குப் பக்கத்தில் போன் இருந்தால் தாமதம் இன்னும் கூடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அம்மா, அப்பா போன்களும் சேர்ந்து சமையலறையில் சார்ஜ் ஏறினால் மட்டுமே இது நடக்கும். பிள்ளையின் போனை மட்டும் பிடுங்கி வைத்துவிட்டு நாம் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டில் எந்த விதியும் ஒரு வாரம்கூடத் தாங்காது.

பிறகு, கூட்டாளிகள். அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க் தன் சக ஆய்வாளரோடு 2005இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. தனியாக விளையாடியபோது ஒரு மாதிரி, நண்பர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தபோது ஒரு மாதிரி. பெரியவர்கள் இரண்டு நேரமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓட்டினார்கள். பதின்பருவத்தினர் நண்பர்கள் பார்க்கும்போது துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். வீட்டில் ‘நல்ல பையன்’ வெளியே வேறு ஆளாக இருப்பதற்கு இதில் கொஞ்சம் விளக்கம் இருக்கிறது. அவன் ஏமாற்றுகிறான் என்று நினைக்கவேண்டாம். யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் இந்த வயதில் பெரிய விஷயம்.

தமிழ்நாட்டில் அந்தப் பக்கத்து ஆள் யார் என்பதைப் பல ஊர்களில் சாதி தீர்மானிக்கிறது. மணிக்கட்டில் வண்ணக் கயிறு ஏறுவதும் பெரும்பாலும் இந்த எட்டு, ஒன்பதாம் வகுப்பில்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை, வண்ணக் கயிறு, மோதிரம் உள்ளிட்ட சாதி அடையாளங்களோடு மாணவர்கள் பள்ளிக்கு வருவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அரிவாளாக நிற்கும் ஒன்று ஒன்பதாம் வகுப்பில் கயிறாகத்தான் இருக்கிறது. அதை முதலில் பார்க்கிற வாய்ப்பு அப்பா அம்மாவுக்கும் வகுப்பாசிரியருக்கும்தான். வீட்டிலேயே கட்டி அனுப்புகிறார்கள் என்றால் அந்த வீட்டோடு பேசியாகவேண்டும். எவ்வளவு சங்கடமாக இருந்தாலும் பேசியாகவேண்டும்.

ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்பு

பெரும்பாலும் தனியார் பள்ளிகளின் பழக்கம் இது. பெற்றோரே விரும்பிக் கேட்டு வாங்குவதும் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை அரையாண்டுக்குள் ஓட்டி முடித்துவிட்டு, அல்லது தொடாமலே விட்டுவிட்டு, பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். ‘ரெண்டு வருஷம் ஒரே புக்கைப் படிச்சா சென்டம் வாங்கிரலாம்ல’ என்பது கணக்கு.

பாடநூலைத் திறந்தாலே இந்தக் கணக்கு தப்பு என்று தெரியும். ஒன்பதாம் வகுப்புக் கணிதப் புத்தகம் ‘கண மொழி’யில் தொடங்குகிறது, பத்தாம் வகுப்பின் முதல் பாடமான ‘உறவுகளும் சார்புகளும்’ அதன் மேல்தான் நிற்கிறது. சைன், கொசைன், டேன்ஜென்ட் மூன்றும் அறிமுகமாவது ஒன்பதில். பத்தில் நேராக முற்றொருமைகளை நிரூபிக்கச் சொல்கிறார்கள். ஆயத்தளத்தில் இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவைக் கண்டுபிடிப்பது ஒன்பதில், நேர்க்கோட்டின் சமன்பாடு பத்தில். அடித்தளம் போடாமல் மாடி எழுப்பினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. பிள்ளை சூத்திரங்களை மனப்பாடம் செய்கிறது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் முதல் மாதமே விழுகிறது. ‘டென்த்ல தொண்ணூத்தஞ்சு எடுத்த புள்ளைங்க, ஏன் இப்படி ஆச்சுன்னு தெரியலை’ என்று அப்போது கவலைப்படுகிறோம்.

இதோடு சேர்ந்த இன்னொரு வழக்கம் எனக்கு வேதனை தருவது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்ற கொள்கையில் தமிழ்நாடு உறுதியாக நிற்கிறது. 2019இல் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதே நிலைப்பாட்டைத்தான் எடுத்தது. சரியான முடிவு. ஆனால் எட்டு ஆண்டுகள் ‘ஆல் பாஸ்’ ஆன பிள்ளை முதன்முதலாகத் தோல்வியைச் சந்திப்பது ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில். அந்த நேரத்தில் சில பள்ளிகள் பெற்றோரை அழைத்து, ‘பத்தாவது இங்க கஷ்டம், டி.சி. வாங்கிக்கிறது உங்களுக்கு நல்லது’ என்று மெதுவாகச் சொல்கின்றன. நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டுவதற்கான வேலை அது. அந்த ஆலோசனையை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிற பெற்றோர், பிள்ளையால் முடியாது என்று பள்ளியே சொல்லிவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். நம்பவேண்டாம். எழுத்துமூலமாகக் கேளுங்கள், மாவட்டக் கல்வி அலுவலகம் வரை போவோம் என்று சொல்லிப் பாருங்கள்.

அரசுப் பள்ளிகளில் 2025இல் தொடங்கிய ‘திறன்’ திட்டம் இந்த வயதைச் சரியாகப் பார்த்த முதல் முயற்சிகளில் ஒன்று. ஆறு முதல் ஒன்பது வரை படிக்கிற, தமிழ், ஆங்கிலம், கணிதத்தில் அடிப்படை தடுமாறும் பிள்ளைகளை ஒரு தேர்வு வைத்துக் கண்டறிந்து, தனிப் பயிற்சி நூல் கொடுத்து, அதற்கென்று நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுப்பது அதன் நோக்கம். இது நிலைக்க வேண்டும். தனி வரிசையில் உட்காரவைத்து ‘திறன் பசங்க’ என்று பெயர் வைத்துவிடாமல் நடத்துகிற ஆசிரியரிடம் மட்டுமே அது பலிக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்

திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகு ஓர் அம்மா தயங்கித் தயங்கி கணக்கு வாத்தியாரிடம் வந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்.

‘சார், இவன் வீட்டுல வாயே தொறக்க மாட்டேங்கிறான் சார். ஏதாவது கேட்டா வெளிய போயிர்றான். அவங்கப்பா அடிச்சும் பாத்துட்டாரு.’

‘அடிக்க வேணாம்மா. நைட்டு சாப்பிடும்போது யாரு கூட உக்காந்து சாப்பிடுறான்?’

‘தட்ட எடுத்துக்கிட்டு டிவி கிட்ட போயிருவான்.’

‘ஒரு பத்து நாளைக்கு நீங்க போய் அவன் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க. படிப்பப் பத்திப் பேசாதீங்க. மார்க்கு என் வேலை, நான் பாத்துக்கிறேன்.’

அந்த அம்மாவுக்கு அது ஆலோசனையாகவே தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு அது சரியான ஆலோசனை என்று படுகிறது. பதினான்கு வயதுப் பிள்ளை நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரித்தால் பேசாது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, வெங்காயம் உரித்துக்கொடுக்கும்போது, கண்ணைப் பார்க்கத் தேவையில்லாத நேரத்தில் தானாகப் பேசும். அப்போது உடனே அறிவுரையில் இறங்காமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் பெற்றோருக்குக் கஷ்டமான வேலை.

பாடத்தில் உதவ அப்பா அம்மா படித்திருக்கத் தேவையில்லை. தினமும் ஏதாவது ஒரு பக்கத்தை, செய்தித்தாளாக இருந்தாலும் சரி, வாய்விட்டு வாசித்துக் காட்டச் சொல்லலாம். மளிகைச் சீட்டைக் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லலாம். டியூஷனுக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை இன்னொரு முறை எழுதவைக்கிற டியூஷன் வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் விட்டுப்போன வகுத்தலையும் பின்னத்தையும் கூச்சப்படாமல் சொல்லித்தருகிறவரைத் தேடுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

எட்டாம் வகுப்பில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கிறவர்கள் கட்டாயம் எழுதவேண்டியது தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு. எல்லோரும் என்.எம்.எம்.எஸ். என்றே சொல்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்கு மேல் போகக்கூடாது. மனத்திறனுக்கு 90, பாடங்களுக்கு 90 என்று கேள்விகள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் 48,000. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். கிராமத்து அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிப்பவர்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வும் இருக்கிறது. பணம் முக்கியம்தான். மண்டபத்துக்குப் பரிமாறப் போகும் பையனுக்கு அந்த ஆயிரம் ரூபாய் ஒரு மாற்று. அதைவிட, இந்தத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும்போது யோசித்துக் கணக்குப் போடும் பழக்கம் வருகிறது. விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போகும், அதனால் அறிவிப்பு வந்துவிட்டதா என்று பெற்றோர் போய்க் கேட்கவேண்டும். பல பள்ளிகளில் ‘நல்லாப் படிக்கிற’ ஐந்தாறு பேரை மட்டுமே எழுதவைக்கிறார்கள். விருப்பப்பட்ட எல்லோரையும் எழுதவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சில மாற்றங்களைத் தள்ளிப்போடாமல் கவனிக்கவேண்டும். விளையாட்டை விட்டுவிட்டது, சாப்பாடு குறைந்தது, ராத்திரி முழுக்க விழித்திருக்கிறது, முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கிறது, தினமும் காலையில் வயிற்றுவலி என்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். மனநலத்துக்கான ‘டெலி மானஸ்’ எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. யாராவது தொந்தரவு செய்கிறார்கள் என்று பிள்ளை வாயைத் திறந்தால், அது ஆசிரியராகவே இருந்தாலும், முதலில் நம்புங்கள். 1098 எந்த நேரமும் எடுக்கப்படும். பள்ளி தொடர்பான எதற்கும் 14417.

பாதியில் நின்றுவிட்டால்

நின்ற பிள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியும், பெரும்பாலான பெற்றோர் நினைப்பதைவிடச் சுலபமாக. பதினான்கு முடியவில்லை என்றால், வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. பயிற்சி முடிவதற்குள் பதினான்கைத் தாண்டிவிட்டாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை அந்த உரிமை தொடரும். கணக்கெடுப்புக்கு வீடு வீடாக வரும் ஆசிரியர்களும் ஆசிரியப் பயிற்றுநர்களும் தேடுவது இந்தப் பிள்ளைகளைத்தான். அப்போது மறைக்காமல் சொல்லுங்கள்.

பதினான்கு தாண்டிவிட்டால், பன்னிரண்டரை வயது முடிந்த யாரும் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். பத்தாம் வகுப்புக்கும் தனித்தேர்வு உண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர், ஒயர்மேன், பிளம்பர் போன்ற பிரிவுகளில் சேரலாம். கைவேலையில் ஆர்வமுள்ள பையனுக்கு இது தண்டனை இல்லை. ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாக இருந்து கற்பதை இங்கே சான்றிதழோடு, உதவித்தொகையோடு கற்கலாம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐ.டி.ஐ.க்குப் போகிறவர்களுக்கும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான் இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்தில் வழக்கமான பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தோடு இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். எட்டாம் வகுப்பு முடித்தவர்களில் எத்தனை பேர் போன ஜூனில் ஒன்பதில் சேர்ந்தார்கள், சேராதவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? தலைமை ஆசிரியரிடம் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அந்தப் பெயர்களில் பாதிப்பேரின் வீடு கூட்டத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்த வீடாகத்தான் இருக்கும்.